நிலவறையில் தோன்றிய பள்ளி



நான் ஆசிரியப் பணி ஏற்ற புதிதில் என் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பான். முகம் பார்த்துப் பேசான். பள்ளி மணி ஒலித்தால் காதைப் பொத்திக்கொள்வான். ஒரு பாடவேளை முன்பின்னாக மாறினும் கதறி அழுவான். அதனைப் பிடிவாதம் என்றெண்ணி நான் பிரம்பை எடுத்தேன். அஃது ஆட்டிசம் என்னும் மதியிறுக்கமாக இருந்திருக்கக்கூடும் என்பது பல்லாண்டு கழிந்த பின்னரே எனக்குப் புலப்பட்டது.

ஆட்டிசம் தொற்றுநோயன்று, மூளை வளர்ச்சியில் அமையும் ஒரு வேறுபாடு. 1943ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் லியோ கானர், 11 குழந்தைகளிடம் கண்ட இயல்புகளை விரித்து எழுதினார். ஆயினும், பெற்றோரின் அன்பின்மையே இதற்குக் காரணம் என்னும் கொடிய தவற்றுக் கருத்து அதன்பின் நெடுங்காலம் நிலவிற்று. குழந்தையைப் பற்றிய கவலையோடு ஊராரின் பழியையும் தாய் சுமக்க நேர்ந்தது.

அந்நாளில் இங்கிலாந்தில் வாழ்ந்தவர் சிபில் எல்கர் அம்மையார் (1914–2007). மாண்டிசோரி முறையில் பயிற்சி பெற்றவர். இத்தகைய சிறார் வைக்கப்பட்டிருந்த மருத்துவமனை ஒன்றைக் கண்டு உள்ளம் நைந்தார். 'இவர்களுக்குக் கற்பிக்க இயலாது' என்று பலரும் கைவிட்ட காலம் அது. அம்மையாரோ 1960களின் தொடக்கத்தில், இலண்டனில் தம் இல்லத்தின் நிலவறையிலேயே சில குழந்தைகளுக்குக் கற்பிக்கலானார்.

அவர் கையாண்ட முறை யாது? சுருங்கிய, தெளிவான சொற்கள். கண்ணால் காணத்தக்க பொருள்கள். நாள்தோறும் மாறாத ஒழுங்கு. இதன் உட்பொருளை எண்ணிப் பாருங்கள். சொல் காற்றில் மறைந்துவிடும். பொருளும் படமும் கண்முன் நிற்கும். அடுத்து நிகழ்வது இன்னதென்று அறிந்தால் அச்சம் தணியும். அச்சம் தணிந்த உள்ளத்திலேதான் கல்வி வேர்கொள்ளும்.

1962இல் பெற்றோர் ஒன்றுகூடி ஒரு சங்கம் அமைத்தனர். அச்சங்கத்தின் பள்ளி 1965இல் ஈலிங் என்னும் பகுதியில் தொடங்கிற்று. அம்மையார் அதனை நடத்தினார். குழந்தைகள் வளர்ந்தனர். 'எங்கள் காலத்திற்குப் பின் இவர்களுக்கு யார் துணை?' என்னும் வினா பெற்றோரின் உறக்கத்தைக் கெடுத்தது. அதற்கு விடையாக, வளர்ந்தோர் தங்கி வாழவும் தொழில் செய்யவும் சாமர்செட் கோர்ட் என்னும் இல்லம் 1974இல் உருவாயிற்று.

நம் நாட்டிலும் ஆட்டிசம் உடையோரின் உரிமைகளை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுள்ளது. ஆனால், சட்டம் வகுப்பறையில் வந்து அமராது. அருகில் அமர்பவர் நீங்களே.

அச்சிறுவனின் பக்கத்தில் அமர்ந்திருந்த மாணவன் ஒருவன், காலைதோறும் அன்றைய பாடவேளைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி அவன் முன் வைப்பான். அவன் அவ்வாறு வைத்த நாள்களில் அழுகை எழுந்ததில்லை. எல்கர் அம்மையாரின் பெயரைக்கூட அறியாத பன்னிரண்டு வயதுப் பாலகன் கண்ட வழி அது. பயிற்சி பெற்ற ஆசிரியனாகிய நான் அத்தாளை நாள்தோறும் பார்த்தேன். அதன் பொருளை மட்டும் பார்க்கத் தவறினேன்.