புலி ராஜாவின் குடிமக்கள்

நுழையும்முன்

கொடுங்கோலரைப் பற்றிய கதைகள் எல்லா மொழிகளிலும் உண்டு. அவற்றைப் படிப்போர் உள்ளத்தில் ஒரு வினா எழும். ஆட்டிவைப்பவன் ஒருவன், ஆடுவதோ ஊர் முழுவதும். அஃது எவ்வாறு இயல்கிறது? அங்கதக் கதைகளும் கற்பனை நாடுகளைப் படைத்துக்காட்டும் புனைவுகளும் இவ்வினாவை நகைச்சுவையோடு எழுப்புகின்றன. திருச்செங்கோட்டு மண்ணோடு தொடர்புடைய இரு எழுத்தாளர்களின் படைப்புகள்வழி அதற்குக் கிடைக்கும் விடையை இப்பாடம் ஆராய்கிறது.

முடிசூடிய கோலம்

சேலம் நகருக்குக் கிழக்கே அயோத்தியாப்பட்டணத்தில் கோதண்டராமர் திருக்கோவில் உள்ளது. இராவணனை வென்று திரும்பிய இராமன், முடிசூடும் வேளை நெருங்கியதால் இவ்விடத்திலேயே தங்கி முடிசூடிய கோலத்தில் காட்சியளித்தான் என்பது தலவரலாறு. ஊர்ப்பெயரும் அதனால் வந்தது என்பர். வில்லேந்தி நிற்கும் இராமனைப் பல கோவில்களில் காணலாம். இங்கோ அவன் சீதையோடு அமர்ந்திருக்கும் அரசன். நல்லவன் ஒருவன் அரியணையில் அமர வேண்டும் என்னும் மக்களின் நெடுநாள் விருப்பம் இங்கே கல்லில் நிலைபெற்றிருக்கிறது.

அவ்விருப்பம் தமிழிலக்கியத்தில் ஆழ வேரூன்றியது. நெல்லையும் நீரையும்விட மன்னனே உலகுக்கு உயிர் என்று புறநானூற்றில் மோசிகீரனார் பாடினார். கம்பரோ அதனைத் திருப்பிப்போட்டு, மக்களை உயிராகவும் மன்னனை அவ்வுயிர்கள் உறையும் உடலாகவும் காட்டினார். இரண்டில் எதனை ஏற்றாலும் மன்னன் கெட்டால் நாடு கெடும் என்பது தெளிவு. ஆகவேதான் வள்ளுவர் செங்கோன்மையை அடுத்துக் கொடுங்கோன்மைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஆயினும் நம் பழைய இலக்கியங்கள் மன்னனின் மனச்சான்றைப் பெரிதும் நம்பின. தன் தீர்ப்புப் பிழையென்று உணர்ந்த அக்கணமே பாண்டியன் நெடுஞ்செழியன் அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர்விட்டான். கண்ணகியின் ஒற்றைச் சிலம்பு அரண்மனையில் எடுபட்டதற்குக் காரணம், அங்கிருந்தவன் நாணத்தக்க அரசன் என்பதே.

நாணாத அரசன் வாய்த்தால் என் செய்வது? அறநூல்கள் அவன் கெட்டொழிவான் என்று எச்சரிக்கின்றன. ஆனால் அவன் கெடும்வரை குடிமக்கள் எப்படி வாழ்கின்றனர், ஏன் பொறுத்திருக்கின்றனர் என்பவற்றை அவை விரித்துரைப்பதில்லை. அந்த இடத்தை நிரப்ப வந்ததே அங்கதம்.

ஔவையின் புன்னகை

அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இருவகைப்படுத்துவது தொல்காப்பிய மரபு. வெளிப்படையாகப் பழிப்பது முன்னது; பழிப்பை மறைத்துக் கூறுவது பின்னது. பின்னதற்குச் சிறந்த சான்று சேலத்துக்கு வடக்கே தகடூரை ஆண்ட அதியமானோடு தொடர்புடையது. அவனுக்காகத் தூது சென்ற ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் கண்டார். அங்குள்ள கருவிகள் நெய் பூசப்பெற்று, மயிற்பீலி சூடி, காவல் மிக்க மாளிகையில் அழகாக இருப்பதாகப் புகழ்ந்தார். அதியமானின் வேல்களோ நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றார். போரே அறியாத படைக்கலங்கள் என்னும் இழிப்பைப் புகழ்ச்சிக்குள் பொதிந்து வைத்தது அப்பாடல்.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். ஔவை அரசன் முகத்துக்கு நேரே பேசினார். பேசிவிட்டு நலமாகத் திரும்பினார். புலவர்க்கு அவ்வுரிமை இருந்தது. எவரும் அவ்வாறு பேச இயலாத நாடு ஒன்றை இருபதாம் நூற்றாண்டில் கல்கி படைத்தார்.

பிரதிபந்தபுரம்

இராஜாஜி 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். அங்குத் தங்கி, 1929இல் தொடங்கிய ‘விமோசனம்’ என்னும் மதுவிலக்கு இதழுக்குத் துணைநின்றவர் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி (1899–1954). பின்னாளில் பெரும் வரலாற்றுப் புதினங்களால் புகழ்பெற்ற அவர், அரச மகிமையை எள்ளி நகையாடிய சிறுகதை ஒன்றும் எழுதினார். அதுவே ‘புலி ராஜா’. இதன் ஆங்கில வடிவம் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலிலும் இடம்பெற்றுள்ளது.

கதை நடப்பது பிரதிபந்தபுரம் என்னும் கற்பனைச் சமஸ்தானத்தில். பிறந்து பத்தே நாளான இளவரசன் வாய்திறந்து பேசித் தன் சாவு எதனால் வரும் என்று சோதிடரைக் கேட்கிறான். புலியால் வரும் என்கிறார் அவர். இருபதாம் வயதில் அரியணை ஏறும் மன்னன் புலிவேட்டையைத் தொடங்குகிறான். நூறாவது புலியிடம் எச்சரிக்கை தேவை என்று சோதிடர் கூறவே, நூறு புலிகளையும் கொன்றுவிட உறுதிபூணுகிறான். மன்னனைத் தவிர வேறெவரும் புலியை வேட்டையாடக் கூடாது, புலிமீது கல்லெறிந்தாலும் சொத்துகள் பறிக்கப்படும் என்று ஆணை பிறக்கிறது. நாட்டிலுள்ள புலிகள் தீர்ந்ததும், புலிகள் மிகுந்த வேறொரு சமஸ்தானமாகத் தேடிப் பெண்ணெடுக்கிறான். இவ்வாறு தொண்ணூற்றொன்பது புலிகள் மாள்கின்றன.

நூறாவது புலி அகப்படவில்லை. மலையோரச் சிற்றூர் ஒன்றில் ஆடுகள் காணாமற்போவதாகச் செய்தி வந்தவுடன் அவ்வூருக்கு மூன்றாண்டு வரி நீக்கப்படுகிறது. தேடியும் புலி தென்படாதபோது வரியை இருமடங்காக்குமாறு ஆணை வருகிறது. ஆட்சியின் அடிப்படை இன்னதென்று இவ்விரு ஆணைகளும் காட்டிவிடுகின்றன. விளைச்சல், மழை, மக்களின் வறுமை எவையும் அங்குக் கணக்கில் இல்லை. கணக்கில் இருப்பது புலி ஒன்றே.

திவான் செய்வது இன்னும் வேடிக்கையானது. வரியை ஏற்றினால் குடிமக்கள் மனம் மாறுவர் என்று அவர் மெல்லச் சொல்லிப்பார்க்கிறார். அப்படியானால் பதவி விலகலாம் என்று மன்னன் மறுமொழி கூறியதும் அவர் வாய் மூடிக்கொள்கிறது. சென்னையிலிருந்து வரவழைத்துத் தம் வீட்டில் மறைத்து வைத்திருந்த கிழட்டுப் புலியை, நள்ளிரவில் தம் மனைவியோடு சேர்ந்து இழுத்துவந்து காரில் ஏற்றிக் காட்டில் விட்டுவருகிறார். மறுநாள் மன்னன் சுடுகிறான், புலி விழுகிறது, மன்னன் மகிழ்ச்சியோடு அரண்மனை திரும்புகிறான். அருகில் சென்று பார்த்த வேட்டைக்காரர்களுக்கோ பேரதிர்ச்சி. குண்டு புலிமீது படவேயில்லை. ஓசையால் அது மயங்கிக் கிடக்கிறது. மன்னனின் குறி தவறியது என்று எவர் சொல்வது? சொன்னால் வேலை போய்விடும். ஆகவே அவர்களுள் ஒருவர் ஓரடித் தொலைவில் நின்று அதனைச் சுட்டு முடிக்கிறார். செத்த புலிக்கு ஊர்வலமும் நினைவு மண்டபமும் கிடைக்கின்றன.

இதன்பின் வருவது கதையின் உச்சம். மகனின் மூன்றாம் பிறந்தநாளுக்கு மன்னன் மரப்புலி ஒன்றை வாங்குகிறான். அதன் விலை இரண்டேகால் அணா. அவ்வளவு மலிவான பொருளை மகாராஜாவுக்குக் கொடுத்தால் தண்டனை வரும் என்றஞ்சிய கடைக்காரர், அரிய வேலைப்பாடு என்று புகழ்ந்து முந்நூறு ரூபாய் விலை கூறுகிறார். செம்மையாக இழைக்கப்படாத அப்பொம்மையின் சிராய் ஒன்று மன்னனின் கையில் ஏறுகிறது. புண் புரையோடி அதனாலேயே அவன் இறக்கிறான்.

அடங்கிப்போவதன் கணக்கு

இக்கதையைச் சோதிடம் பலித்த கதையாகப் படிப்போர் உண்டு. கூர்ந்து நோக்கினால் மன்னனைக் கொன்றது புலியன்று, அவன் வளர்த்த அச்சமே என்பது புலனாகும். வேட்டைக்காரர்கள் உண்மையைச் சொல்லியிருந்தால் நூறாவது புலியை இன்னும் கொல்லவில்லை என்பதை அவன் அறிந்திருப்பான். கடைக்காரர் உண்மையைச் சொல்லியிருந்தால் அம்மலிவுப் பொம்மை அரண்மனைக்குள் நுழைந்திராது.

பிரதிபந்தபுரத்து மக்கள் மூடர்கள் அல்லர். திவானுக்கு உலகியல் தெரியும்; வேட்டைக்காரர்களுக்குத் தொழில் தெரியும்; கடைக்காரருக்குத் தம் பொருளின் மதிப்புத் தெரியும். ஒவ்வொருவரும் தமக்கு முன்னுள்ள ஒரு நொடியை மட்டும் கணக்கிடுகின்றனர். அந்த நொடியில் பொய்யே குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. அவரவர் நிலையில் நின்று பார்த்தால் ஒவ்வொருவர் முடிவும் பிழையற்றதாகவே தோன்றும். அவற்றை எல்லாம் கூட்டிப் பார்க்கும்போதுதான் கொடுங்கோன்மை என்னும் பெருந்தொகை வருகிறது.

பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டு இளைஞர் எட்டியென் தெ லா போயேசி இதே வினாவை எழுப்பினார். கொடுங்கோலனுக்கு இருப்பவை இரண்டு கண்களும் இரண்டு கைகளுமே. எஞ்சிய கண்களையும் கைகளையும் மக்களே கடன் கொடுக்கின்றனர் என்பது அவர் கருத்து. அரசனை ஒட்டி ஐந்தாறு பேர் பயன்பெறுகின்றனர். அவர்களை ஒட்டி அறுநூறு பேர். அறுநூற்றுவரை ஒட்டி ஆறாயிரவர். இவ்வாறு அடிமட்டம்வரை நீளும் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் மேலுள்ளதற்கு அஞ்சிக் கீழுள்ளதை அச்சுறுத்துகிறது.

கல்கி அச்சங்கிலியை மன்னனுக்கு மேலும் நீட்டிக் காட்டினார் என்பது நுட்பமான செய்தி. ஆங்கிலேய உயர் அதிகாரி ஒருவர் புலிவேட்டைக்கு விரும்ப, மன்னன் மறுத்துவிடுகிறான். பின் அரியணை பறிபோகுமோ என்று நடுங்கி, துரைசானிக்கு ஐம்பது மோதிரங்களை அனுப்பிவைக்கிறான். ஒன்றிரண்டை எடுத்துக்கொண்டு மற்றவற்றைத் திருப்பி அனுப்புவார் என்பது அவன் எதிர்பார்ப்பு. அவரோ அனைத்தையும் வைத்துக்கொண்டு நன்றி மட்டும் அனுப்புகிறார். செலவு மூன்று இலட்சம் ரூபாய். கடைக்காரர் மன்னன்முன் எப்படி நின்றாரோ அப்படியே மன்னன் துரைமுன் நிற்கிறான். அன்றைய சமஸ்தான மன்னர்களின் உண்மை நிலையும் அதுவே.

மற்றொரு காரணமும் உண்டு. அஞ்சுவோர் ஒருவரையொருவர் அறிவதில்லை. டென்மார்க்கு எழுத்தாளர் ஆண்டர்சன் 1837இல் வெளியிட்ட ஆடையில்லாப் பேரரசன் கதையில், அரசன் உடலில் துணியில்லை என்பது எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. தன் கண்ணுக்கு மட்டுமே தெரியவில்லை போலும் என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொள்வதால் தெருவே வாழ்த்தொலி எழுப்புகிறது. ஒரு குழந்தை வாய்விட்டுச் சொன்னதும் அனைவர்க்கும் துணிவு வருகிறது. பிரதிபந்தபுரத்தில் அப்படி ஒரு குழந்தையும் இல்லை. பத்தாம் நாளிலேயே பேசிய குழந்தையோ மன்னனாகிவிட்டது!

முகமில்லா அரசு

கல்கி தங்கியிருந்த அதே திருச்செங்கோட்டு வட்டாரத்தில் பிறந்து, நாமக்கல் அரசுக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர் எழுத்தாளர் பெருமாள்முருகன். எதிர்ப்புகளின் நடுவே 2015இல் எழுத்தை நிறுத்துவதாக அறிவித்த அவர், 2016இல் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்புக்குப்பின் மீண்டும் எழுதலானார். அவ்வாண்டு வெளிவந்த நாவல் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’. மனிதர்களைப் பற்றி எழுத அச்சமாக இருக்கிறது. ஆகவே தொல்லை தராத வெள்ளாட்டைத் தேர்ந்ததாக முன்னுரையில் அவர் குறிப்பிடுகிறார். அம்முன்னுரையையே பழிகரப்பு அங்கதத்துக்குச் சான்றாகக் காட்டலாம்.

பெயரில்லா ஒரு கற்பனை நாட்டில், முதிய தம்பதியர் வளர்க்கும் கருநிறக் குட்டி பூனாச்சி. பிறக்கும் ஒவ்வோர் ஆட்டுக்கும் அரசு அலுவலகம் சென்று காதுகுத்தி அடையாளம் பெற வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். கறுப்பு ஆடுகளை அரசு ஐயத்தோடு நோக்குகிறது. இருளில் அவை கண்ணுக்குப் புலப்படா என்பதே காரணம். சேலம், தருமபுரி, நாமக்கல் வட்டாரத்தின் தனித்த ஆட்டினம் முழுக்கருமையான ‘சேலம் கருப்பு’ என்பதை அறிந்தவர்க்கு இவ்வங்கதம் கூடுதலாகச் சுவைக்கும்.

நாவலின் மறக்கவியலாப் பகுதி அந்த வரிசைதான். குட்டிகளைச் சுமந்துகொண்டு நெடுநேரம் நிற்கின்றனர் மக்கள். யாரேனும் முணுமுணுத்தால் பக்கத்தில் நிற்பவரே தடுக்கிறார். மக்கள் குறைகளுக்குச் செவிடான அரசின் காது, தன்னைப் பற்றிய பேச்சுக்கு மட்டும் கூர்மையாகிவிடும் என்பது அவர்கள் கண்டறிந்த உண்மை. அரசன் யார் என்பதை நாவல் சொல்வதில்லை. காவலர் ஒருவர் மிரட்டுவதற்கு முன்பே வரிசை தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக்கொள்கிறது. நிற்பவர்கள் கோழைகளா? வரிசையை விட்டு விலகினால் குட்டிக்கு அடையாளம் கிடைக்காது; அடையாளமில்லாக் குட்டியை வைத்திருப்பது குற்றம்; அந்தக் குட்டியோ வீட்டின் ஒரே செல்வம். இழப்பதற்குச் சிறிதளவே வைத்திருப்பவர், அச்சிறிதளவைக் காக்கவே அடங்கிப்போகிறார்.

காதில் வில்லை அணிவிப்பதே கொடுமை என்று கொள்ளலாகாது. இன்று நம் நாட்டிலும் கால்நடைகளுக்கு 12 இலக்க எண் பொறித்த காதுவில்லை அணிவிக்கப்படுகிறது. தடுப்பூசிப் பணிக்கும் பதிவுக்கும் அது துணைசெய்கிறது. கணக்கெடுப்பு எந்த அரசுக்கும் தேவை. எதற்காக எண்ணுகிறீர்கள் என்று வரிசையில் நிற்பவர் அச்சமின்றிக் கேட்க இயலுமா என்பதில்தான் நாவலின் அக்கறை இருக்கிறது.

கல்கியின் மன்னனைக் கண்டு நகைக்க முடியும். அவனுக்கு மீசையும் பட்டங்களும் துப்பாக்கியும் உண்டு. 2006இல் வெளிவந்த ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’ திரைப்படம் அரங்குகளைச் சிரிப்பில் ஆழ்த்தியதும் அத்தகைய ஓர் உருவத்தால்தான். பூனாச்சியின் அரசுக்கு உருவமே இல்லை. ஆகவே அங்கே சிரிப்புத் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. முன்னதில் மன்னன் இறந்தால் அச்சம் நீங்கும் என்றேனும் நம்பலாம்.

அந்த நம்பிக்கையையும் கல்கி முழுதாக விட்டுவைக்கவில்லை. சிராய் ஏறிய கைக்கு அறுவை மருத்துவம் செய்யச் சென்னையிலிருந்து மூவர் வருகின்றனர். நெடுநேரத்துக்குப்பின் வெளியே வந்து, அறுவை வெற்றி என்று அறிவிக்கின்றனர். மகாராஜா இறந்துவிட்டார் என்பது அதற்கு அடுத்த செய்தி.