லிப்விர்ட் அமைவடிவக் கோப்பு

லிப்விர்ட் அமைவடிவக் கோப்பு என்பது, ஒரு மெய்நிகர் இயந்திரம் எத்தகைய வன்பொருள்களைக் கொண்டிருக்க வேண்டும் என்பதை லிப்விர்ட் மென்பொருளுக்கு விவரிக்கும் எக்ஸ்எம்எல் கோப்பு ஆகும். மெய்நிகர் இயந்திரம் என்பது ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் மற்றொரு கணினி. அதைத் தாங்கும் உண்மையான கணினி ஓம்புநர் கணினி எனப்படும். ரெட் ஹாட் நிறுவனத்தில் தொடங்கப்பட்ட லிப்விர்ட் ஒரு திறந்த மூல மென்பொருள். இதன் முதற்பதிப்பு 2005-இல் வெளிவந்தது. கேவிஎம், சென் போன்ற பல மெய்நிகராக்க நுட்பங்களை இதன்வழி ஒரே வகைக் கட்டளைகளால் நிர்வகிக்கலாம். இவற்றுள் கேவிஎம், 2007-இல் லினக்சு கருவின் 2.6.20 பதிப்பில் இணைக்கப்பட்டது. இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகள் கேவிஎம் பயன்பாட்டைச் சார்ந்தவை.

கோப்பின் உறுப்புகள்

கோப்பு முழுவதும் 'டொமைன்' என்னும் உறுப்பினுள் அடங்கும். லிப்விர்ட்டில் மெய்நிகர் இயந்திரத்தைக் குறிக்கும் பெயர் இதுவே. அதனுள் அமையும் முதன்மையான உறுப்புகள் பின்வருமாறு:

* பெயர்: ஓம்புநர் கணினியில் உள்ள பிற மெய்நிகர் இயந்திரங்களின் பெயரிலிருந்து வேறுபட்டிருக்க வேண்டும்.
* யுயுஐடி: 128 பிட்டு நீளமுள்ள தனித்த அடையாள எண். எழுதாமல் விட்டால் லிப்விர்ட் தானே உருவாக்கிக்கொள்ளும்.
* நினைவகம்: அலகு குறிப்பிடப்படாவிட்டால் எண் கிபிபைட்டாகக் (1024 பைட்டு) கொள்ளப்படும்.
* செயலிகளின் எண்ணிக்கை.
* சாதனங்கள்: வட்டு, பிணைய அட்டை, திரை முதலியன.

நினைவக அலகில் புதியவர்கள் தவறுவது உண்டு. 2048 மெபிபைட்டு நினைவகம் வேண்டுமெனில் 2097152 என எழுத வேண்டும்; அல்லது 2048 என எழுதி, அலகு மெபிபைட்டு எனக் குறிக்க வேண்டும். அலகின்றி 2048 என்று மட்டும் எழுதினால் கிடைப்பது 2 மெபிபைட்டே. அதில் இன்றைய இயக்குதளம் எதுவும் தொடங்காது.

கோப்பைத் திருத்துதல்

பதிவு செய்யப்பட்ட கோப்புகளை லிப்விர்ட் தன் அடைவில் சேமித்து வைக்கிறது. அவற்றை உரைத் திருத்தியில் நேரடியாகத் திறந்து மாற்றுதல் கூடாது. லிப்விர்ட் அக்கோப்பை மீண்டும் எழுதும்போது அம்மாற்றங்கள் அழிந்துவிடக்கூடும். இந்த எச்சரிக்கை கோப்பின் தலைப்பிலேயே இடம்பெறுகிறது. 'விர்ஷ்' என்னும் கட்டளைவரிக் கருவியின் 'எடிட்' கட்டளையே இதற்குரிய வழி. அது பிழைகளைச் சோதித்த பின்னரே மாற்றத்தை ஏற்கும்.

இவ்வாறு செய்த மாற்றம், இயங்கிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை உடனே பாதிக்காது. இயந்திரத்தை முழுமையாக நிறுத்தி மீண்டும் தொடங்கும்போதே புதிய அமைவடிவம் நடைமுறைக்கு வரும். இயந்திரத்தின் உள்ளிருந்து செய்யும் மறுதொடக்கம் பொதுவாக இதற்குப் போதாது.

படியெடுத்தலும் வட்டுச் சிதைவும்

ஓர் இயந்திரத்தின் கோப்பைப் படியெடுத்து மற்றோர் இயந்திரத்தை உருவாக்குவோர், பெயரை மட்டுமன்றி யுயுஐடி, பிணைய அட்டையின் மேக் முகவரி, வட்டுக் கோப்பின் பாதை ஆகியவற்றையும் மாற்ற வேண்டும். மேக் முகவரி ஒன்றாக இருந்தால் பிணையத்தில் இரண்டும் மோதும். வட்டுப் பாதை ஒன்றாக இருப்பது இதனினும் தீங்கானது. சாதாரணக் கோப்பு முறைமைகள் ஒரே நேரத்தில் ஓர் இயக்குதளமே எழுதும் என்னும் கருத்தில் அமைந்தவை. இரண்டு எழுதினால் தரவு மீட்க இயலாதவாறு சிதையலாம். இதைத் தடுக்க, 2017-இல் வெளிவந்த கியூஇஎம்யூ 2.10 பதிப்பில் வட்டுக் கோப்பைப் பூட்டும் வசதி சேர்க்கப்பட்டது. 'விர்ட்-குளோன்' என்னும் கருவி வட்டைப் படியெடுத்து, புதிய யுயுஐடியையும் மேக் முகவரியையும் தானே அமைத்துத் தருகிறது.

நிறுத்துதலும் நீக்குதலும்

விர்ஷ் கட்டளைகளின் பெயர்கள் சில நேரங்களில் குழப்பம் தரும்:

* ஷட்டவுன்: இயக்குதளத்தை முறைப்படி நிறுத்துமாறு வேண்டுகிறது.
* டெஸ்ட்ராய்: மின்சாரத்தைத் துண்டிப்பதுபோல் உடனே நிறுத்துகிறது. பெயருக்கு மாறாக, வட்டை இது அழிப்பதில்லை. எனினும் சேமிக்கப்படாத தரவு இழக்கப்படலாம்.
* அண்டிஃபைன்: அமைவடிவத்தை நீக்குகிறது. தனி விருப்பத்தேர்வு தரப்படாவிட்டால் வட்டுக் கோப்பு அப்படியே இருக்கும்.

காப்புப் படி

'டம்ப்எக்ஸ்எம்எல்' கட்டளையால் அமைவடிவத்தை வேறொரு கோப்பில் சேமித்து, பின்னர் 'டிஃபைன்' கட்டளையால் மீண்டும் பதிவு செய்யலாம். இக்கோப்பில் இருப்பது இயந்திரத்தின் விவரணை மட்டுமே. பயனரின் தரவு வட்டுக் கோப்பில் உள்ளது. ஆகவே முழுமையான காப்புக்கு இரண்டையும் படியெடுத்தல் வேண்டும்.