டிபேட்ல முதல்ல பழக வேண்டியது பேச்சு இல்ல

பதினொன்றாம் வகுப்பில் என் முதல் டிபேட். 8 நிமிஷப் பேச்சை அப்படியே மனப்பாடம் பண்ணிட்டுப் போனேன். மூணாவது நிமிஷத்துல எதிரணியில ஒருத்தர் எழுந்து கேள்வி கேட்டாரு. அவ்வளவுதான், மிச்சம் எல்லாம் மறந்துபோச்சு.

வேர்ல்ட் ஸ்கூல்ஸ் முறையில் அணிக்கு மூணு பேர் பேசுவாங்க, ஆளுக்கு 8 நிமிஷம். முதல் நிமிஷமும் கடைசி நிமிஷமும் தவிர, நடுவில் எதிரணி எழுந்து கேள்வி கேட்கலாம். நாம ஏத்துக்கலாம், மறுக்கலாம். ஆனா ஒண்ணுகூட ஏத்துக்கலைன்னா மார்க் அடிவாங்கும்.

அதனால மனப்பாடம் வேண்டாம். ஒரு ஏ4 தாளை மடிச்சு, இடப்பக்கம் அவங்க சொன்னதை எழுதுங்க, வலப்பக்கம் நம்ம பதில். டிவி விவாதம் பார்த்தே பழகலாம் (அங்கே யாரும் யாருக்கும் பதில் சொல்றதில்லை, அது வேற கதை). மூணாவதா பேசுறவருக்குப் பெரும்பாலும் பதில் சொல்றதுதான் வேலை. அடுத்த வருஷம் அந்த இடத்தைத்தான் நான் கேட்டு வாங்கினேன்.