இன்டர்ன்ஷிப் ஆஃபர் வந்திருக்கிறதா? கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

“வாழ்த்துகள்! எங்கள் நிறுவனத்தில் ஆறு மாதப் பயிற்சிக்குத் தேர்வாகியிருக்கிறீர்கள். 24 மணி நேரத்துக்குள் ஒப்புதல் அனுப்பவும்.” படிப்பின் கடைசி ஆண்டை நெருங்கும் மாணவருக்கு இப்படி ஒரு கடிதம் வந்தால் வீடே மகிழ்கிறது. “வந்ததை விட்டால் அடுத்தது வருமோ வராதோ” என்கிறார்கள் நண்பர்கள். பல கல்லூரிகளில் ஒரு மாணவருக்கு ஓர் ஆஃபர்தான், மறுத்தால் அடுத்த நிறுவனத்தின் நேர்காணலில் உட்கார முடியாது என்ற விதியும் உண்டு. அந்த நெருக்கடியில் கடைசிப் பக்கத்தைக்கூடப் புரட்டாமல் கையெழுத்து விழுந்துவிடுகிறது.

அந்தக் கடிதம் நிறுவனம் உங்களுக்குச் செய்யும் உபகாரம் அல்ல. இரு தரப்பையும் கட்டும் ஒப்பந்தம் அது. அதைப் படிக்க அவகாசம் கேட்பதும், புரியாததைக் கேட்டுத் தெளிவதும், ஒத்துவராவிட்டால் மறுப்பதும் உங்கள் உரிமை.

நிறுவனம் நிஜமா?

2018-ல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம், இன்டர்ன்ஷிப்பைப் பொறியியல் படிப்பின் பகுதியாக்கியது. தேவை கூடியதும் அதைக் காசாக்கும் கூட்டமும் வந்துவிட்டது. பதிவுக் கட்டணம், லேப்டாப்புக்கு முன்பணம், ‘திரும்பத் தரப்படும்’ டெபாசிட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் பணம் கட்டாதீர்கள். வேலை கற்றுத்தர ஆள் எடுக்கும் நிறுவனம் உங்களிடம் பணம் வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள். எந்த ஆண்டு பதிவானது, இன்னும் இயங்குகிறதா என்பது தெரியும். பெரிய நிறுவனத்தின் பெயரில் வரும் கடிதம் சாதாரண ஜிமெயில் முகவரியிலிருந்து வந்திருந்தால், அந்த நிறுவனத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் உள்ள எண்ணுக்கே பேசி உறுதி செய்யுங்கள். கடிதத்தில் உள்ள எண்ணை நம்ப வேண்டாம்.

எந்த வகையில் எடுக்கிறார்கள்?

உங்கள் உரிமைகள் எல்லாம் இந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கின்றன.

தொழில் பழகுநர் சட்டம், 1961-ன் கீழ் ‘அப்ரண்டிஸ்’ ஆக எடுத்தால் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். 2019-ல் திருத்தப்பட்ட விதிகள் பட்டதாரிகளுக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாயும், டிப்ளமோ முடித்தவர்களுக்கு 8,000 ரூபாயும் உதவித்தொகையாக நிர்ணயித்தன. இப்போதைய தொகையை அரசின் அப்ரண்டிஸ் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்கான தொகை அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் வந்துவிட வேண்டும். இத்தனை பீஸ் முடித்தால் இவ்வளவு என்று உருப்படிக் கணக்கில் தரக் கூடாது. பயிற்சிக்குச் சம்பந்தமில்லாத வேலையில் ஈடுபடுத்துவதும் அனுமதியின்றி ஓவர்டைம் வாங்குவதும் தண்டனைக்குரியவை. அப்ரண்டிஸ் ஒப்பந்தத்தை அரசுத் தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எனவே “ஒப்பந்தப் பதிவு எண் என்ன?” என்று கேளுங்கள். எண் தர முடியாதவர்கள் ‘அப்ரண்டிஸ்’ என்ற சொல்லை மட்டும் பயன்படுத்துகிறார்கள் என்று பொருள். இதில் மாணவர்கள் பலரும் அறியாத ஒரு குறையும் இருக்கிறது: பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை.

சாதாரண இன்டர்ன்ஷிப் என்றால் அதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. கடிதத்தில் எழுதியிருப்பதுதான் உங்களுக்கு ஆதாரம். ஆகவே தொடக்க, முடிவுத் தேதிகள், வேலை நேரம், வார விடுமுறை, உதவித்தொகை, எந்தத் துறையில் யாருடைய மேற்பார்வையில் வேலை, முடிவில் சான்றிதழ் தருவார்களா என்ற ஆறும் எழுத்தில் இருக்கட்டும். ‘அதெல்லாம் பார்த்துக்கலாம்’ என்று ஹெச்.ஆர். வாயால் சொன்னால், அதையே மின்னஞ்சலில் உறுதிப்படுத்தக் கேளுங்கள்.

பாண்ட் என்னும் முடிச்சு

மூன்றாம் பக்கத்தில் சிறிய எழுத்தில் வரும் வரி பெரும்பாலும் இப்படி இருக்கும்: “பயிற்சிக் காலத்திலோ, அதற்குப் பிந்தைய 18 மாதங்களிலோ விலகினால், பயிற்சிச் செலவாக ரூ.1,50,000 செலுத்த வேண்டும்.” இதை நிதானமாகப் படியுங்கள். பயிற்சிக்குப் பின் வேலை தருவதாக நிறுவனம் எங்கும் உறுதி சொல்லவில்லை. ஆனால் ஒன்றரை ஆண்டு அங்கேயே இருப்பதாக மாணவர் உறுதி கொடுத்துவிடுகிறார்.

இப்படிப்பட்ட பாண்ட் செல்லவே செல்லாது என்று நண்பர்கள் சொல்வது சரியல்ல. விஜயா வங்கி வழக்கில், மூன்றாண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே நேரம், எழுதிய தொகை முழுவதையும் கட்டியே தீர வேண்டும் என்ற மிரட்டலும் சரியல்ல. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, எழுதிய தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டை மட்டுமே அனுமதிக்கிறது. விலகிய பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனை 27-ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. பாண்டை மீறுவது உரிமையியல் விவகாரம். அதற்காக மட்டும் யாரையும் கைது செய்ய முடியாது.

இந்தப் பாதுகாப்பை உங்கள் கையாலேயே கெடுத்துக்கொள்ளும் வழி ஒன்று உண்டு: கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை தருவது. அதில் தொகையை எழுதி வங்கியில் போட்டு, பணமில்லாமல் அது திரும்பினால், செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் குற்ற வழக்கு வரலாம். இரண்டாண்டு வரை சிறைக்கும் இடமுண்டு. ஒரிஜினல் மதிப்பெண் பட்டியலையும் ஒப்படைக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டுங்கள், நகல் கொடுங்கள், ஒரிஜினலோடு வீட்டுக்கு வாருங்கள்.

பாலிடெக்னிக் மாணவர்களுக்கு ஒரு சொல்: 18 வயது நிறையாதவர் போடும் பாண்ட் சட்டப்படி செல்லாது. அதனால்தான் பெற்றோரிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள். பெற்றோர் படித்துப் பார்த்துவிட்டுப் போடட்டும்.

அடிபட்டால், அத்துமீறினால்

அப்ரண்டிஸுக்குப் பயிற்சியின்போது விபத்து நேர்ந்தால், தொழில் பழகுநர் சட்டத்தின் 16-ஆம் பிரிவின்படி நிறுவனம் இழப்பீடு தர வேண்டும். சாதாரண இன்டர்னுக்கு இந்தப் பிரிவு துணைக்கு வராது. ஆகவே தொழிற்சாலை, கட்டுமானத் தளம், ஹோட்டல் சமையற்கூடம் போன்ற இடங்களுக்குப் போகும் முன் விபத்துக் காப்பீடு யார் பெயரில், எவ்வளவு தொகைக்கு இருக்கிறது என்று கல்லூரியிடமும் நிறுவனத்திடமும் எழுத்தில் வாங்குங்கள்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சி மாணவிகளுக்கும் பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். குழு இல்லாவிட்டாலோ, புகாரே முதலாளியின் மீது என்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவை அணுகலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிப்பார்கள். பெண்கள் உதவி எண் 181.

ஏமாந்தால் எங்கே போவது?

பணம் பறிபோயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்கு அழையுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம். அப்ரண்டிஸ் உதவித்தொகை வராவிட்டால் அப்ரண்டிஸ் ஆலோசகரிடம் முறையிடலாம். தென்மாநிலப் பட்டதாரி, டிப்ளமோ பயிற்சியாளர்களுக்கான மண்டல வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. ஆலோசகரின் முடிவில் திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள், பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் 15100-ல் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். எங்கே போனாலும் கேட்கப்படுவது ஆதாரம்தான். கடிதம், மின்னஞ்சல், வருகைப் பதிவு, வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே சேர்த்து வையுங்கள்.

முடிவு உங்களுடையது

இத்தனையும் சரியாக இருந்தாலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: ஆறு மாதம் கழித்து எனக்கு என்ன தெரிந்திருக்கும்? அங்கே ஏற்கெனவே பயிற்சி முடித்த சீனியர் இருவரிடம் பேசினால் இதற்குப் பதில் கிடைத்துவிடும். நல்ல வழிகாட்டி இருக்கிறார் என்றால் உதவித்தொகை குறைவாக இருந்தாலும் ஏற்கலாம். டேட்டா என்ட்ரியும் ஆள் பற்றாக்குறையை நிரப்பும் ஷிஃப்டும்தான் என்றால் தொகை கூடுதலாக இருந்தாலும் யோசியுங்கள். வருகைப் பதிவுக்கும் கிரெடிட்டுக்கும் இது செல்லுமா என்று துறைத் தலைவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிளேஸ்மென்ட் அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். எத்தனை பேருக்கு ஆஃபர் வந்தது என்று பேனர் வைக்கும் முன், அந்தக் கடிதத்தை மாணவரோடு உட்கார்ந்து ஒருமுறை படியுங்கள். மோசமான நிபந்தனையை மறுத்த மாணவரை அடுத்த நேர்காணலிலிருந்து விலக்காதீர்கள். மறுக்க உரிமை இருக்கும் மாணவர்தான் மனமறிந்து சம்மதம் சொல்ல முடியும்.