கோச்சியின் வால்

பத்தாம் தரத் தவணைப் பரீட்சையில் வந்த வினா இது: 150 மீற்றர் நீளமான புகையிரதம் மணிக்கு 72 கிலோமீற்றர் கதியில் செல்கிறது. 250 மீற்றர் நீளமான பாலத்தை முற்றாகக் கடக்க எவ்வளவு நேரம் எடுக்கும்?

நான் 12.5 செக்கன் என எழுதினேன். விடைத்தாளைத் தரும்போது ஆசிரியை கேட்டார்: "கோச்சிட வால எங்க புள்ள விட்டுட்டு வந்தீங்க?" வகுப்பே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது.

அன்று விளங்கியதைத் தங்கைமாருக்குச் சொல்கிறேன். தூரத்தைக் கதியால் வகுத்தால் நேரம் என்பது எல்லோருக்கும் தெரியும். நாம் பிழைவிடுவது சூத்திரத்தில் அல்ல. எந்தத் தூரம் என்பதில்தான்.

முதலில் அலகைச் சரிசெய்யுங்கள். 72 கிலோமீற்றர் என்பது 72,000 மீற்றர். ஒரு மணித்தியாலம் 3,600 செக்கன். வகுத்தால் செக்கனுக்கு 20 மீற்றர்.

அடுத்து, ஒரு படம் கீறுங்கள். முகப்பு பாலத்தைத் தொடும்போது நேரம் தொடங்குகிறது. வால் பாலத்தை விட்டு நீங்கும்போது முடிகிறது. அதற்குள் முகப்பு சென்ற தூரம் 250 + 150 = 400 மீற்றர். விடை 20 செக்கன். பாலத்திற்குப் பதிலாக ஒரு கம்பம் என்றால் புகையிரதத்தின் நீளம் மட்டும்தான் தூரம்: 7.5 செக்கன்.

இரண்டு புகையிரதங்கள் வந்தாலும் பயப்பட வேண்டாம். மற்றையதன் நீளம் 130 மீற்றர், கதி செக்கனுக்கு 15 மீற்றர் என்போம். நீளங்களைக் கூட்டினால் 280 மீற்றர். எதிரெதிரே வந்தால் கதிகளைக் கூட்டுங்கள்: 280 ÷ 35 = 8 செக்கன். ஒரே திசையில் முந்திச் சென்றால் கழியுங்கள்: 280 ÷ 5 = 56 செக்கன்.

இந்தக் கணக்கு எனக்குப் பரீட்சையோடு முடியவில்லை. எங்கள் ஊரை ஊடறுத்து மட்டக்களப்புப் புகையிரதப் பாதை செல்கிறது. தம்பி மத்ரஸாவுக்குப் போகும் வழியில் படலையில்லாத கடவை ஒன்று இருக்கிறது. "கோச்சி தூரத்திலதானே வருது ராத்தா" என்று சொல்லி ஓடிக் கடப்பான். உம்மா ஏசியும் கேட்கவில்லை.

ஒருநாள் அவனது கொப்பியிலேயே கணக்கை எழுதிக் காட்டினேன். 300 மீற்றர் தொலைவில், அதே 72 கிலோமீற்றர் கதியில் வரும் கோச்சி 15 செக்கனில் கடவைக்கு வந்துவிடும். பிறேக் பிடித்தாலும் அது உடனே நிற்காது.

"செருப்பு தண்டவாளத்துல சிக்கினா எத்தின செக்கன் போகும்?" என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை.

இப்போது அவன் நிற்கிறான். வால் போய், இரு பக்கமும் பார்த்த பிறகுதான் கடக்கிறான்.