நல்லா இருக்கிற குழந்தைக்கு எதுக்கு நர்ஸ்?

நோயாளி வீட்டுக்கு நர்ஸ் போனால் சரி. கொழுகொழுன்னு இருக்கிற குழந்தையைப் பார்க்கவும் போகணுமா? கொஞ்சம் நியூயார்க் வரைக்கும் வாங்க ஃப்ரெண்ட்ஸ்.

1900-களின் தொடக்கம். கோடை வந்தாலே, ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த லோயர் ஈஸ்ட் சைடு அடுக்கு வீடுகளில் கைக்குழந்தைகள் வயிற்றுப்போக்கில் கொத்துக்கொத்தாகச் செத்தன. நோய் முற்றியபின் டாக்டர் போய் என்ன செய்வார்? முன்னாடியே போயிட்டா? நகர சுகாதாரத் துறை டாக்டர் சாரா ஜோசஃபின் பேக்கரின் யோசனை இதுதான்.

1908 கோடை. பிறப்புப் பதிவேட்டிலிருந்து தினமும் முகவரி எடுத்தார். பள்ளிக்கூட நர்ஸ்கள் 30 பேர் லீவில் ஃப்ரீ. குழந்தை பிறந்த வீட்டுக் கதவை உடனே போய்த் தட்டினார்கள். கையில் மருந்தெல்லாம் இல்லை. ‘தாய்ப்பால் கொடுங்க, ஜன்னலைத் திறங்க, தினம் குளிப்பாட்டுங்க, வெயில் நாளில் துணியால பொத்தி வைக்காதீங்க.’ சப்புன்னு இருக்கா? அந்தப் பகுதியில் முந்தைய கோடையைவிட 1,200 சாவு குறைந்தது என்று 1939-ல் வந்த தன் சுயசரிதையில் எழுதுகிறார் பேக்கர்.

அதே 1908-ல் குழந்தைகள் நலனுக்கென்றே தனிப் பிரிவு உருவானது. தலைவி அவர்தான். கொஞ்ச வருஷத்தில் புரூக்ளின் டாக்டர்கள் சிலர் மேயருக்கு மனு போட்டார்கள்: குழந்தைகளுக்கு நோயே வரதில்லை, எங்க தொழில் படுத்துடுச்சு, அந்தப் பிரிவை மூடுங்க!