முன்கூட்டியே தெரிந்த சேதி

1957இல் கொழும்பில் பிறந்த ராஜ் ராஜரட்ணம், 1997இல் சகாக்களோடு நியூயோர்க்கில் கலியொன் என்ற ஹெட்ஜ் பண்ட் (பெரும் முதலீட்டாளர்களின் பணத்தைத் திரட்டி முதலிடும் நிதியம்) நிறுவனத்தைத் தொடங்கினார். உச்சத்தில் அது கையாண்டது சுமார் 700 கோடி டொலர். கொழும்புப் பங்குச் சந்தையிலும் அவர் பெரிய முதலீட்டாளராக இருந்தார். 2009 ஒக்டோபரில் கைதானார். கம்பனிகள் இன்னும் வெளியிடாத சேதிகளை உள்ளாட்களிடம் கேட்டறிந்து பங்கு வாங்கி விற்றார் என்பது வழக்கு. ஒட்டுக்கேட்ட தொலைபேசிப் பதிவுகள் முக்கிய சான்றாகின. 2011இல் 14 குற்றச்சாட்டுகளும் நிரூபணமாகி, 11 ஆண்டுச் சிறை.

இப்படி வெளிவராத சேதியை வைத்துப் பங்கு வாங்கி விற்பது இலங்கையிலும் குற்றம். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ, கணக்கறிக்கை வருமுன்னே கம்பனி இலாபத்தை நண்பர் இரகசியமாகச் சொன்னால், தயவுசெய்து அதை நம்பிப் பங்கு வாங்காதீர்கள்.